காலையில் ஒரே செல்ஃபில் எடுக்கும் கார், சூடானால் மட்டும் மக்கர் செய்வது ஏன்? முழு விளக்கம்

காலையில் வீட்டு வாசலில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. நூறு கிலோ மீட்டர் ஓடியும் ஒரு குறையும் தெரியவில்லை. வழியில் சாப்பிட இறங்கி, 20 நிமிடம் கழித்து வந்து சாவியைத் திருப்பினால் மட்டும் இன்ஜின் சுற்றுகிறதே தவிர பிடிப்பதில்லை. பானட்டைத் திறந்து வைத்து அரை மணி நேரம் காத்திருந்தால், எதுவுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிவிடுகிறது.

கோடை காலத்தில் கார் வைத்திருக்கும் பலரும் சொல்லும் புகார் இது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மெக்கானிக் ஷெட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்துவதற்குள் வண்டி ஆறிவிடும். அவர் செல்ஃப் அடித்தால் உடனே எடுக்கும். "நல்லாத்தானே இருக்கு சார்" என்பார். அதன்பிறகு பேட்டரி, பிளக், செல்ஃப் மோட்டார், பெட்ரோல் பம்ப் என்று ஒவ்வொன்றாக ஊகத்தில் மாற்றத் தொடங்கினால், பல ஆயிரம் ரூபாய் செலவான பிறகும் அதே பிரச்சினை அப்படியே இருக்கும்.

சூடான கார் ஸ்டார்ட் ஆகாமல் போக என்ன காரணம்? எதை முதலில் பார்க்க வேண்டும்? நடுவழியில் நின்றால் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

இன்ஜினை ஆஃப் செய்த பிறகுதான் சூடு ஏறும்!

இன்ஜினை ஆஃப் செய்தவுடன் அது ஆறத் தொடங்கிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பானட்டுக்குள் நடப்பது அதற்கு நேர்மாறானது.

கார் ஓடும்போது இன்ஜினுக்குள் கூலன்ட் சுற்றிக்கொண்டே இருக்கும். முன்பக்கத்தில் இருந்து காற்று வந்து மோதும். ரேடியேட்டர் ஃபேன் தேவைப்படும்போது சுற்றும். இவை எல்லாம் சேர்ந்து இன்ஜினைச் சுமார் 90 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்திருக்கும்.

ஆஃப் செய்த நொடியில் கூலன்ட் ஓட்டமும் காற்றும் நின்றுவிடுகின்றன. ஆனால் இன்ஜின் பிளாக்கிலும் சைலன்சர் குழாயின் தொடக்கத்திலும் இருக்கும் சூடு எங்கும் போகாது. அது மெல்ல மேலேறி, பக்கத்தில் இருக்கும் சென்சார், வயர், பெட்ரோல் போகும் குழாய், செல்ஃப் மோட்டார் எல்லாவற்றுக்கும் பரவுகிறது. அடுத்த 10 முதல் 30 நிமிடங்கள் வரை பானட்டுக்குள் இருக்கும் பாகங்கள், ஓடும்போது இருந்ததைவிட அதிகச் சூட்டில் இருக்கும்.

டீ குடிக்கவோ சாப்பிடவோ வண்டியை நிறுத்தும் நேரமும் இதுதான். ஆஃப் செய்து ஒரு நிமிடத்தில் மீண்டும் எடுத்தால் ஸ்டார்ட் ஆகும் கார், 20 நிமிடம் கழித்து அடம்பிடிப்பதற்குக் காரணம் இந்தத் தேங்கிய சூடு.

முதல் கேள்வி: செல்ஃப் சுற்றுகிறதா, இல்லையா?

"வண்டி ஸ்டார்ட் ஆகல" என்று மொத்தமாகச் சொல்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. இதில் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன.

ஒன்று, சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுவதே இல்லை. அல்லது தூங்கி வழிவது போல மெதுவாகச் சுற்றுகிறது. இது மின்சாரம் சம்பந்தப்பட்டது.

இரண்டு, செல்ஃப் வழக்கமான வேகத்தில் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை. இது பெரும்பாலும் பெட்ரோல், ஸ்பார்க் அல்லது சென்சார் சம்பந்தப்பட்டது.

இந்த ஒரு கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. செல்ஃப் நன்றாகச் சுற்றும் காருக்குப் பேட்டரி மாற்றுவதும், செல்ஃப் சுற்றாத காருக்குப் பெட்ரோல் பம்ப் மாற்றுவதும் வீண் செலவு.

செல்ஃப் மெதுவாகச் சுற்றினால்...

செல்ஃப் மோட்டாருக்குள் இருப்பது செம்புக் கம்பிச் சுருள். செம்பு சூடானால் மின்தடை கூடும். வெப்பம் 100 டிகிரி ஏறினால் மின்தடை ஏறத்தாழ 40 சதவீதம் அதிகரிக்கும். சிறிய பெட்ரோல் காரின் செல்ஃப் மோட்டாருக்கே 100 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் தேவை. நல்ல நிலையில் இருக்கும் கார் இந்தக் கூடுதல் தடையைச் சமாளித்துவிடும். பேட்டரி பலவீனமாக இருந்தாலோ, டெர்மினலில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பொடி படிந்திருந்தாலோ, எர்த் வயர் தளர்ந்திருந்தாலோ சூட்டில் தாக்குப்பிடிக்காது.

எனவே செல்ஃப் மோட்டாரைக் கழற்றச் சொல்வதற்கு முன் இவற்றைப் பார்க்க வேண்டும்:

- பேட்டரி டெர்மினல் சுத்தமாகவும் இறுக்கமாகவும் இருக்கிறதா?
- பேட்டரியில் இருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் எர்த் வயர் துருப்பிடிக்காமல் இருக்கிறதா?
- ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரியில் சுமார் 12.6 வோல்ட் இருக்கும். செல்ஃப் அடிக்கும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே சரிகிறதா?
- இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். அதற்கும் குறைவாக இருந்தால் ஆல்டர்னேட்டர் சரியாக சார்ஜ் செய்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் சூட்டில் மட்டும் 'டக்' என்ற ஒரு சத்தத்தோடு நின்றுவிட்டால், அப்போது செல்ஃப் மோட்டார் அல்லது அதன் சோலினாய்டு மீது சந்தேகப்படலாம்.

நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையா? முக்கியக் குற்றவாளி இந்தச் சென்சார்

இப்போதைய கார்களில் பெட்ரோலை எப்போது பீய்ச்ச வேண்டும், ஸ்பார்க்கை எப்போது கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்வது இசியு எனப்படும் கணினி. கிராங்க்‌ஷாஃப்ட் எந்த நிலையில், எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று அதற்குச் சொல்வது கிராங்க் சென்சார்.

இந்தச் சென்சார் இன்ஜின் பிளாக்கை ஒட்டியே இருக்கும். வயதாகும்போது அதன் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிச் சுருளோ, எலெக்ட்ரானிக் பகுதியோ சூட்டில் விரிந்து தொடர்பு விட்டுப்போகும். ஆறினால் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். சிக்னல் வராவிட்டால் இன்ஜின் சுற்றுவதே இசியு-வுக்குத் தெரியாது. பெட்ரோலும் வராது, ஸ்பார்க்கும் வராது. எத்தனை முறை செல்ஃப் அடித்தாலும் பயனில்லை.

இதைச் சந்தேகிக்கச் சில அடையாளங்கள் உண்டு. செல்ஃப் அடிக்கும்போது மீட்டர் போர்டில் ஆர்பிஎம் முள் கொஞ்சம்கூட அசையாமல் இருக்கலாம். எல்லாக் கார்களிலும் இப்படித் தெரியாது என்றாலும், வழக்கமாக அசையும் முள் அன்று அசையவில்லை என்றால் அது முக்கியமான தகவல். ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் திடீரென ஆஃப் ஆகி, கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்ட் ஆவதும் இதே சென்சாரைக் காட்டும். நெடுஞ்சாலையில் அப்படி ஆஃப் ஆனால் பவர் ஸ்டீயரிங் உதவி நின்றுவிடும். பிரேக் பெடலும் சில மிதிகளில் கல் போல இறுகிவிடும். எனவே 'ஆறினால் எடுக்குதே' என்று தள்ளிப்போடக் கூடாத கோளாறு இது.

குளிர்ந்த இன்ஜின் என்று ஏமாற்றும் இன்னொரு சென்சார்

அடுத்தது கூலன்ட் வெப்பநிலை சென்சார். குளிர்ந்த இன்ஜினுக்கு அதிக பெட்ரோல் வேண்டும், சூடான இன்ஜினுக்குக் குறைவாகப் போதும். இந்தச் சென்சார் பழுதாகி, சூடாக இருக்கும் இன்ஜினை 'குளிர்ந்து கிடக்கிறது' என்று இசியு-விடம் சொன்னால், தேவைக்கு மேல் பெட்ரோல் பீய்ச்சப்படும். பிளக் நனைந்துபோகும். இதைத்தான் ஷெட்டில் 'ஓவர்ஃப்ளோ ஆயிடுச்சு' என்பார்கள்.

இன்ஜெக்டர் ஒழுகினாலும் இதே கதைதான். ஆஃப் செய்த பிறகு குழாயில் இருக்கும் அழுத்தத்தில் பெட்ரோல் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கும். பெட்ரோல் வாடை, ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் கரும்புகை, முதல் சில நொடிகள் இன்ஜின் தடுமாறுவது ஆகியவை இதற்கான அடையாளங்கள்.

பெட்ரோல் டேங்க் ஆவியை இன்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டாலும் கலவை கெட்டுவிடும். பங்கில் டேங்க்கை நிரப்பிய கையோடு ஸ்டார்ட் ஆக மறுத்தால், முதலில் பார்க்க வேண்டியது இந்த வால்வைத்தான்.

பெட்ரோல் ஆவியாகிவிட்டால்?

பெட்ரோல் ஒரே பொருள் இல்லை. பல திரவங்களின் கலவை. அதில் இருக்கும் லேசான பகுதிகள் சாதாரணக் காற்றழுத்தத்தில் சுமார் 35 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். அப்படியென்றால் சூடான இன்ஜின் மேல் இருக்கும் குழாயில் அது ஏன் ஆவியாவதில்லை? அழுத்தம்தான் காரணம். குக்கருக்குள் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் திரவமாக இருப்பதைப் போல, சுமார் 3 முதல் 4 பார் அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் எளிதில் ஆவியாகாது.

இன்ஜினை ஆஃப் செய்த பிறகும் இந்த அழுத்தம் இறங்காமல் பிடித்து வைக்க பம்ப்பில் ஒரு வழித்தடுப்பு வால்வு இருக்கிறது. அது தேய்ந்துபோனால் அழுத்தம் இறங்கும். குழாயில் பெட்ரோல் ஆவியாகும். செல்ஃப் அடித்தால் இன்ஜெக்டருக்கு வருவது பெட்ரோல் இல்லை, வெறும் ஆவி.

இதை வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம். சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்பி, மூன்று நொடி வைத்து, ஆஃப் செய்ய வேண்டும். இப்படி மூன்று முறை செய்துவிட்டு செல்ஃப் அடிக்க வேண்டும். பல கார்களில் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் பம்ப் சில நொடிகள் ஓடி அழுத்தத்தை ஏற்றும். பின்சீட் பக்கம் மெல்லிய 'ங்...' சத்தமும் கேட்கும். இப்படிச் செய்தால் மட்டும் உடனே ஸ்டார்ட் ஆகிறது என்றால், பம்ப்பின் அழுத்தத்தை கேஜ் வைத்து அளந்து பார்ப்பது அடுத்த வேலை.

பம்ப்பைச் சுற்றி இருக்கும் பெட்ரோல்தான் அதைக் குளிர்விக்கிறது. எப்போதும் ரிசர்வ் லைட் எரியும் அளவிலேயே ஓட்டுபவர்களின் பம்ப் சீக்கிரம் தேயும். வெயில் காலத்தில் கால் டேங்க்குக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வது நல்லது. பெட்ரோலை மறந்தே போகும் சிஎன்ஜி கார் உரிமையாளர்களுக்கும் இது பொருந்தும்.

அம்பாசிடர் காலத்து ஈரத் துணி இப்போது உதவுமா?

கார்புரேட்டர் வைத்த அம்பாசிடர், பத்மினி கார்களில் பெட்ரோல் பம்ப் இன்ஜினிலேயே பொருத்தப்பட்டிருந்தது. அது டேங்க்கில் இருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுக்கும். உறிஞ்சும் பக்கம் அழுத்தம் குறைவு என்பதால் வெயிலில் எளிதாக ஆவி அடைத்துக்கொள்ளும். பம்ப் மேல் ஈரத் துணி போட்டால் ஆவி குளிர்ந்து மீண்டும் பெட்ரோலாக மாறும், வண்டியும் எடுக்கும். அந்தக் கால டிரைவர்களின் கைவைத்தியம் இது.

இப்போதைய இன்ஜெக்‌ஷன் கார்களில் பம்ப் டேங்க்குக்குள் இருக்கிறது. அங்கிருந்து பெட்ரோலை அழுத்தித் தள்ளுகிறது. எனவே ஈரத் துணிக்கு வேலை இல்லை. மாறாக, பானட்டுக்குள் தண்ணீர் ஊற்றினால் வயர் கனெக்டர்களுக்குள் ஈரம் புகுந்து புதுப் பிரச்சினை வரும். கொதிக்கும் இன்ஜின் மீது குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடவும் வாய்ப்பு உண்டு.

டீசல் கார் என்றால்?

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காமன் ரெயில் எனப்படும் குழாயில் மிக அதிக அழுத்தம் இருந்தால்தான் இன்ஜெக்டர் திறக்கும். ஸ்டார்ட் ஆவதற்கே சுமார் 200 பார் அழுத்தமாவது தேவைப்படும்.

டீசல் சூடானால் நீர்த்துப்போகும். இன்ஜெக்டரோ, ஹை பிரஷர் பம்ப்போ உள்ளே தேய்ந்திருந்தால், குளிர்ந்த கெட்டி டீசலை எப்படியோ பிடித்து வைத்திருந்த இடைவெளி வழியாக, சூடான டீசல் ரிட்டர்ன் பக்கம் கசிந்துவிடும். ரெயிலில் அழுத்தம் சேராது.

ஒவ்வொரு இன்ஜெக்டரில் இருந்தும் எவ்வளவு டீசல் திரும்புகிறது என்று சிறு பாட்டில்களில் பிடித்துப் பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது. எந்த பாட்டிலில் அதிகம் நிரம்புகிறதோ, அந்த இன்ஜெக்டரில்தான் கோளாறு. நான்கையும் மாற்றச் சொல்வதற்கு முன் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குவது நல்லது. கிராங்க் சென்சார் பிரச்சினை டீசல் காருக்கும் பொதுவானது.

நடுவழியில் நின்றால் செய்ய வேண்டியவை

1. முதலில் டெம்பரேச்சர் முள்ளையோ, எச்சரிக்கை விளக்கையோ பாருங்கள். ஓவர்ஹீட் ஆகியிருந்தால் இது வேறு பிரச்சினை. ஸ்டார்ட் செய்ய முயலவே கூடாது. ரேடியேட்டர் மூடியையும் திறக்கக் கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடித்துவிடும்.

2. பெட்ரோல் வாடை பலமாக வீசினால் செல்ஃப் அடிப்பதை நிறுத்துங்கள். வண்டிக்கு அடியில் ஒழுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். ஒழுக்கு இருந்தால் எல்லோரும் இறங்கித் தள்ளி நிற்க வேண்டும்.

3. ஒழுக்கு இல்லை, இன்ஜினில் பெட்ரோல் அதிகமாகிவிட்டது என்று தோன்றினால் சில நிமிடம் விட்டு, ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்திப் பிடித்தபடி செல்ஃப் அடியுங்கள். பல இன்ஜெக்‌ஷன் கார்களில் இப்படிச் செய்தால் பெட்ரோல் நிறுத்தப்பட்டு, உள்ளே காற்று மட்டும் போகும். இன்ஜின் பிடித்தவுடன் காலை எடுத்துவிட வேண்டும். கியர் நியூட்ரலில் இருப்பது முக்கியம்.

4. ஒரு முறைக்கு 10 நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம். அடுத்த முயற்சிக்கு முன் அரை நிமிடமாவது இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் பேட்டரியும் போகும், செல்ஃப் மோட்டாரும் போகும்.

5. தள்ளி ஸ்டார்ட் செய்வதைத் தவிருங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சரில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைக் கெடுத்துவிடும். ஆட்டோமேட்டிக் காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்யவே முடியாது.

6. தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் ஹசார்டு லைட்டைப் போட்டு, எச்சரிக்கை முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் தூரமாக வைத்து, பயணிகளைச் சாலைத் தடுப்புக்கு அப்பால் நிற்க வையுங்கள். தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையத்தின் உதவி எண் 1033, 24 மணி நேரமும் இயங்குகிறது.

7. இன்ஜின் ஓடாவிட்டால் ஏசியும் ஓடாது. வெயிலில் மூடிய காருக்குள் 10 நிமிடத்தில் 10 டிகிரி அளவுக்கு வெப்பம் ஏறக்கூடும். குழந்தைகளையும் முதியவர்களையும் உள்ளே உட்கார வைத்துவிட்டு மெக்கானிக்கைத் தேடிப் போகக் கூடாது.

மெக்கானிக்கிடம் என்ன சொல்ல வேண்டும்?

"சூடானா எடுக்க மாட்டேங்குது" என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், இந்தத் தகவல்களையும் சேர்த்துச் சொன்னால் கோளாறு சீக்கிரம் பிடிபடும்:

- ஆஃப் செய்து எத்தனை நிமிடம் கழித்துப் பிரச்சினை வருகிறது? எவ்வளவு நேரத்தில் சரியாகிறது?
- செல்ஃப் எந்த வேகத்தில் சுற்றியது? ஆர்பிஎம் முள் அசைந்ததா?
- பெட்ரோல் வாடை, கரும்புகை இருந்ததா?
- ஓடும்போது எப்போதாவது ஆஃப் ஆனதா?
- டேங்க்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது? அப்போதுதான் நிரப்பியதா?
- மீட்டர் போர்டில் இன்ஜின் லைட் எரிந்ததா? சாவி படம் போட்ட விளக்கு மின்னியதா?

அடுத்த முறை நிற்கும்போது செல்ஃப் அடிக்கும் சத்தத்தையும் மீட்டர் போர்டையும் மொபைலில் வீடியோ எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. சாவி விளக்கு மின்னியிருந்தால் சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசரைச் சோதிக்க வேண்டும். அதற்கும் பெட்ரோல் பம்ப்புக்கும் சம்பந்தம் இல்லை.

எந்தப் பாகத்தையும் மாற்றுவதற்கு முன் ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பி0335 என்று கோடு வந்தால் கிராங்க் சென்சார் சர்க்யூட்டில் சிக்கல். பி0117, பி0118 என்றால் கூலன்ட் சென்சார் சர்க்யூட். பி0087 என்றால் எரிபொருள் அழுத்தம் குறைவு. சர்க்யூட் என்றால் சென்சார் மட்டுமல்ல, வயரும் கனெக்டரும் சேர்ந்ததுதான். கோடு வந்தவுடன் சென்சாரை மாற்றாமல் வயரையும் பார்க்க வேண்டும்.

கோடு எதுவும் வரவில்லை என்றாலும் கவலை வேண்டாம். சூட்டில் இருக்கும்போதே நேரடி அளவுகளைப் பார்த்தால் விடை கிடைக்கும். இன்ஜின் தொட முடியாத சூட்டில் இருக்கும்போது கூலன்ட் அளவு 20 டிகிரி என்று ஸ்கேனர் காட்டினால், பொய் சொல்வது யார் என்று தெரிந்துவிடும். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் பூஜ்யம் என்று காட்டினால் கிராங்க் சென்சார் பக்கம் போகலாம்.

இதற்காக காரை ஷெட்டுக்கு ஓட்டிச் சென்று, அங்கேயே 20 நிமிடம் நிறுத்தி வைத்து, பிரச்சினை வரும் நேரத்தில் சோதிக்கச் சொல்ல வேண்டும். 'காலையில விட்டுட்டுப் போங்க, சாயங்காலம் பார்க்கிறோம்' என்றால் ஆறிய காரைத்தான் சோதிப்பார்கள். கூடவே இருந்து சூட்டிலேயே பார்க்க வைக்கும் அந்த ஒரு மணி நேரத்தில், தேவையில்லாத பாகங்களுக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சப்படுத்தலாம்.